முதல் இன்ச்

அரைநூல் தன் மச்சானுக்குத் தரவேண்டியிருந்த பணம் இருபத்தோராயிரத்து முந்நூற்று எழுபது. அறுக்கிற மெஷினுக்குப் பதினாறாயிரத்து ஐந்நூறு. கொட்டகைக்கு லைன் இழுத்த ஒயருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் மூவாயிரத்து இருநூறு. கூரைத் தகரம் நாலுக்கு ஆயிரத்து அறுநூறு. மிச்ச எழுபது பூட்டுக்கு. அந்தப் பூட்டை யாரும் கேட்கவில்லை. மச்சானே வாங்கி வந்தார், மச்சானே சீட்டில் எழுதிக்கொண்டார்.

“ரெண்டு சாவி இருக்கு மாப்ள. ஒண்ணு உங்ககிட்ட, ஒண்ணு எங்கிட்ட. நம்பாம இல்ல. தொலைஞ்சா உதவும்ல” என்றார்.

அவர் அரைநூலின் மனைவிக்கு அண்ணன். பார்சல் ஆபீஸில் ரசீது எழுதுகிறவர். எங்கண்ணன் ஒரு பொருளை எடை போடாமல் கையால்கூடத் தொடமாட்டான் என்று தங்கச்சிக்காரியே சொல்லுவாள்.

அரைநூல் என்பது தொழிற்சாலையில் வைத்த பேர். தச்சு வேலையில் ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு நூல் என்பார்கள். கதவு செய்கிற அந்த இடத்தில் மற்றவர்கள் ஒரு நூல் முன்னே பின்னே இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். இவன் அரை நூலுக்குச் சண்டைக்கு நிற்பான். பத்தொன்பது வருஷம் நின்றான். பிறகு ஒரு நாள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். கையில் வந்தது இரண்டு மாதச் சம்பளமும், ஆறடி இரும்பு ஸ்கேலும், இத்தனை நாள் இடுப்பில் தொங்கிய அளவு டேப்பும்.

அந்த டேப்பில் முதல் இன்ச் கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னால் மெஷின் கடித்துத் தின்றுவிட்டது. ஒன்று என்று எழுதியிருக்கிற கோட்டில்தான் டேப்பே ஆரம்பிக்கும். அவன் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. காட்டுகிற எண்ணில் ஒன்றைக் கழித்துவிட்டால் தீர்ந்தது. எழுபத்திரண்டு காட்டினால் எழுபத்தொன்று. அவன் மனைவிக்கும் அது பழகிப்போயிருந்தது. அவள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருப்பவள். யார் வீட்டிலாவது ஜன்னல் திரைக்கு அளக்கப் போனால், அவன் ஸ்டூல் மேல் நின்று டேப் காட்டுகிற எண்ணை அப்படியே சொல்லுவான். அவள் கீழே நின்று ஒன்றைக் கழித்து எழுதிக்கொள்வாள். வாய்விட்டுப் பேசிக்கொள்ளவே வேண்டியதில்லை.

கொட்டகை வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுவரை அதில் உடைந்த சைக்கிள், கால் போன நாற்காலி, என்றைக்காவது ஆகும் என்று வைத்த பெயிண்ட் டப்பாக்கள், எதற்கும் ஆகாத ஒரு பூனை எல்லாம் இருந்தன. பூனையைத் தவிர மற்றதெல்லாம் வெளியே போயிற்று. தரை ஒரு மூலையில் இறங்கியிருந்தது. ஆணியை வைத்தால் உருண்டு போய் அந்த மூலையில்தான் நிற்கும். சிமெண்ட் குழைத்து மட்டம் வைத்துப் பூசினான். காய்கிறவரை பூனையைத் துரத்துவதே ஒரு உத்தியோகமாக இருந்தது. அப்படியும் நாலு கால் தடம் விழுந்துவிட்டது. அதை அவன் பூசி மறைக்கவில்லை.

“முதல் ஆளு கையெழுத்துப் போட்டாச்சு. இருக்கட்டும்” என்றான்.

வேலை மேஜைக்குத் தொழிற்சாலை வாசலில் கிடந்த பெட்டிப் பலகைகளைச் சுமந்துகொண்டு வந்தான். மேஜை குனியவும் வைக்கக்கூடாது, எக்கவும் வைக்கக்கூடாது. அவன் மனைவி தையல் டேப்பை எடுத்துக் கால்சட்டைக்கு அளக்கிற மாதிரியே இடுப்பிலிருந்து தரைவரை அளந்தாள்.

“மூச்சை இழுத்துப் பிடிக்காதீங்க. மேஜைதான் போடறோம், பொண்ணு பாக்கப் போகல.”

“ஒரு நூல் கூட வச்சிக்க.”

“உங்க நூல் வேற, என் நூல் வேற. இன்ச்சுல சொல்லுங்க.”

சுவரில் ஆணி அடித்து உளிகளை வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டான். எது இல்லையென்று பார்த்ததும் தெரிய வேண்டும். எழுத்து அவனுக்கு ஒட்டவே இல்லை. எண்கள் மட்டும் அழகாக எழுதுவான். அதனால் கொட்டகை முழுக்கப் படமும் எண்ணுமாக இருந்தது.

மெஷினை முதன்முதலில் ஓட்டிய அன்று காலை மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பக்கத்து வீட்டு நர்ஸ். இரவு வேலை பார்த்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருக்கிறாள்.

“அண்ணே, மரத்தை அறுக்கறீங்களா, என் மண்டையை அறுக்கறீங்களா?”

அவன் மெஷினை நிறுத்தினான். அவன் மனைவிதான் மதிலோரம் போய்ப் பேசி முடித்தாள். நர்ஸ் தூங்கி எழுந்ததும் மதில் மேல் ஒரு துண்டைப் போடுவாள். துண்டு தெரிந்தால் மெஷின் ஓட்டலாம். பெரும்பாலும் இரண்டு மணிக்கு விழும். ஐந்து மணிக்குமேல் தெருவில் பிள்ளைகள் படிக்க உட்கார்ந்துவிடும். ஆக, மூன்று மணி நேரம். அதற்குள் அறுக்க வேண்டியதை அறுத்துவிட வேண்டும். கோடு போடுவது, இழைப்பது, பொருத்துவது எல்லாம் காலையில்.

“துண்டு விழுந்தாச்சா?” என்று கொட்டகையிலிருந்து கேட்பான். “இன்னும் விழல” என்று தையல் மெஷின் பக்கத்திலிருந்து பதில் வரும். ஒரு நாள் இதைக் கேட்டுக்கொண்டே வந்த மச்சானுக்கு முகம் மாறிவிட்டது.

“என்னம்மா பாப்பா, தொழில் தொடங்கி ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள துண்டு விழுதா? எங்க ஆபீஸ்ல துண்டு விழுந்துச்சுன்னா கணக்குல குறையுதுன்னு அர்த்தம்.”

“அது உங்க ஆபீஸ் துண்டு. இது துவட்டற துண்டு. உக்காரு, டீ போடறேன்.”

மச்சான் மேஜையைத் தட்டிப் பார்த்தார், மெஷினைத் தடவிப் பார்த்தார், கடைசியில் பெட்டிப் பலகை மேல் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்.

“புது வீட்டுல படுக்கிற ரூம் சுவர்ல அலமாரிக்குன்னு ஒரு பள்ளம் விட்டுக் கட்டியிருக்கேன். அதுக்குள்ள அச்சா உக்கார்ற மாதிரி ஒண்ணு செய்யணும். மரம் என் செலவு. கூலிய உங்க கடன்ல கழிச்சிக்கிறேன்.”

“எவ்வளவு கழிப்பீங்க மச்சான்?”

“இருபத்தோராயிரத்து முந்நூறு. முழுசா.”

அரைநூலுக்கு நம்ப முடியவில்லை. “அப்ப பூட்டு?”

“பூட்டு தனி. அது மரவேலை இல்லையே.” டீயை ஒரு வாய் குடித்துவிட்டு மச்சான் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன் மாப்ள. சரியா வரலைன்னா மெஷினை நான் எடுத்துக்குவேன். ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார். உங்களுக்கும் அங்க லோடு இறக்கற வேலை காலியா இருக்கு. மாசச் சம்பளம். நான் ரசீது போடுவேன், நீங்க தூக்குவீங்க. குடும்பமா இருக்கலாம்.”

அரைநூல் டீ டம்ளரைக் கீழே வைத்தான். பத்தொன்பது வருஷம் ஒருத்தன் கீழே நின்றாயிற்று. இனி மச்சான் விரல் நீட்டுகிற பக்கமெல்லாம் மூட்டை தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்றால், அதற்கு அந்தத் தொழிற்சாலை கேட்டுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கலாம்.

“சரியா வரும் மச்சான்” என்றான்.

மறுநாள் போய் அந்தப் பள்ளத்தை அளந்தான். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தான். உள்ளே நுழைய இரண்டு நூல் இடம் விட்டு, டேப்பின் இன்ச்சையும் கழித்து, மூன்று எண்களைச் சீட்டில் எழுதினான். அகலம் 71. உயரம் 83. ஆழம் 24. எழுதத் தெரிந்திருந்தால் பக்கத்தில் கழிச்சாச்சு என்று ஒரு வார்த்தை போட்டிருப்பான்.

மரம் வந்து இறங்கிய அன்று காலை மெஷினின் பெல்ட் நழுவிக்கொண்டே இருந்தது. துண்டு விழுவதற்குள் அதைச் சரி செய்தாக வேண்டும். மல்லாந்து படுத்து மெஷினுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே சீட்டை மனைவியிடம் நீட்டினான்.

“பலகையெல்லாம் கோடு போட்டு வை.”

“மூணே மூணு நம்பர்தானா?”

“உடம்பு அளவு மூணு குடுத்தா நீ முழுச் சட்டை வெட்டறதில்லையா? அந்த மாதிரிதான். பலகை கனம் முக்கால் இன்ச். கழிச்சிக்க.”

அவள் இரும்பு ஸ்கேலையும் தையல் சாக்பீஸையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துணியில் போடுகிற மாதிரியே மரத்திலும் கோடு முடியைப் போல மெல்லியதாக விழுந்தது. இரண்டு மணிக்கு மதில் மேல் பச்சைத் துண்டு விழுந்தது. அவன் அவள் போட்ட கோட்டின் மேலேயே மெஷினை விட்டான். சந்தேகப்படத் தோன்றவில்லை. அவள் வெட்டிய சட்டையைத்தான் இத்தனை வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

பதினோரு நாள் வேலை. தூள் பறந்து புருவம் வெளுத்துப்போகும். சோற்றில் தூள், டீயில் தூள், பூனை தும்மிக்கொண்டே திரியும். மழை பெய்த இரண்டு நாள் பலகைகளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு இருவரும் தரையில் படுத்தார்கள். கதவு நாலும் மாட்டி, இழுப்பறை மூன்றும் நுழைத்து, அலமாரியைக் கொட்டகையில் நிறுத்தினான். ஒரு பலகை இன்னொன்றோடு சேர்ந்த இடத்தில் நகம் நுழையவில்லை. மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் ஒன்றே.

“சாப்பிட வாங்க. அதையே பாத்துட்டு நின்னா வயிறு ரொம்புமா?” என்று கூப்பிட்டாள் மனைவி.

அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கொட்டகைப் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. மச்சான், அவருடைய சாவியோடு. பின்னாலேயே, அரைநூல் மேஜை மேல் விட்டுவந்த அளவு டேப் சர்ரென்று இழுபட்டது. “எழுபத்தொண்ணு! கரெக்ட்!” என்று குரல் வந்தது. அரைநூல் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டான். மச்சான் வாயிலிருந்து கரெக்ட் என்ற சொல் லேசில் வராது.

ஞாயிற்றுக்கிழமை பார்சல் ஆபீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். நாலு பேர் பிடித்துப் பள்ளத்துக்குள் தள்ளினார்கள். தள்ளும்போதே அவன் உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. உராயாவிட்டாலும் ஒட்டிப் போக வேண்டிய அலமாரி, பெரிய செருப்புக்குள் கால் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. இடது பக்கம் சேர்த்தால் வலது பக்கம் சந்து. வலது பக்கம் சேர்த்தால் இடது பக்கம் சந்து. மேலேயும் அதே சந்து.

மச்சானின் மனைவி கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வளையல் வரை போயிற்று.

“நல்லாத்தான் இருக்கு. இந்தச் சந்துல பல்லி குடித்தனம் வைக்கலாம். மாசா மாசம் வாடகை வாங்கிக்கலாம்.”

“அண்ணி, கொஞ்சம் இருங்க” என்றாள் அரைநூலின் மனைவி. அவள் முகம் வெளுத்திருந்தது.

“எழுபத்தொண்ணுன்னு நானே அளந்தேனே!” மச்சான் அரைநூலின் இடுப்பிலிருந்து டேப்பைப் பிடுங்கி அலமாரியின் ஓரத்தில் நுனியை வைத்து இழுத்தார். எழுபத்தொன்றுதான் காட்டியது. அப்புறம்தான் நுனியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “மாப்ள, இதுல முதல் இன்ச் எங்க?”

“மெஷின் தின்னுடுச்சு மச்சான். எட்டு வருஷமாச்சு. நான் எப்பவும் ஒண்ணு கழிச்சித்தான் எழுதுவேன். இதுக்கும் கழிச்சித்தான் எழுதினேன்.”

அவன் மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க கழிச்சிக்கன்னு சொன்னீங்களே.”

“அது பலகை கனம்.”

“அதையும் கழிச்சேன். டேப்புல இல்லாத அந்த ஒரு இன்ச்சையும் சொல்றீங்கன்னு அதையும் கழிச்சேன். நீங்க சொல்ற நம்பர்ல நான்தானே எப்பவும் கழிப்பேன்.”

மச்சான் விரலை மடக்கினார்.

“ஆக, நீங்க ஒண்ணு கழிச்சீங்க. பாப்பா ஒண்ணு கழிச்சா. கழிச்சே ஆகவேண்டிய நான் கழிக்கல.”

“எங்க தப்புதான் மச்சான். தொழிற்சாலையில இதுக்கு ரிஜெக்ட்னு ஒரு மூலை இருக்கும். அங்க தூக்கிப் போட்டுட்டுச் சம்பளத்துல பிடிப்பாங்க.” அரைநூல் டேப்பை வாங்கிச் சுருட்டினான். அது பாதியில் சிக்கிக்கொண்டது. “மெஷினை எடுத்துக்கங்க. திங்கக்கிழமை லோடு இறக்க வர்றேன்.”

“நீங்க சும்மா இருங்க.” அவன் மனைவி எழுந்தாள். சந்துக்கு முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்து, கடைக்கு வந்தவர்களை அளவெடுக்கிற கண்ணால் மேலும் கீழும் பார்த்தாள். “குட்டையாயிடுச்சு. அவ்வளவுதானே? பாவாடை குட்டையாப் போனா தூக்கியா போடறோம்? பட்டி வைப்போம்.”

“மரத்துக்குப் பட்டி வச்சு மறைக்கிறது தப்புப் பண்ணவன் செய்யற வேலை.”

“தப்புப் பண்ணவங்கதானே நாம?”

அண்ணி வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டு சிரித்தாள். மச்சான் சிரிக்கவில்லை. “நாலு நாள் தர்றேன். மறைக்கிற மாதிரி இருக்கக்கூடாது. வேணும்னே வச்ச மாதிரி இருக்கணும்” என்றார்.

கொட்டகையின் பழைய கதவு நிலை ஒன்று மதிலோரம் கிடந்தது. கறுத்து, கல்லாக இறுகிய மரம். அதை அறுத்து மூன்று பட்டைகள் எடுத்தான். இரண்டு பக்கத்துக்கு இரண்டு, மேலே ஒன்று. ஆனால் மச்சான் வீட்டுச் சுவர் நேராக இல்லை. நடுவில் இரண்டு நூல் புடைத்து, கீழே போய்க் குழிந்தது. நேர்ப் பட்டையை வைத்தால் அங்கங்கே வெளிச்சம் தெரியும். அவன் மனைவி பழுப்புக் காகிதத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, கழுத்து வளைவு எடுக்கிற மாதிரி நகத்தால் நீவி, அந்த வளைவை அப்படியே வெட்டி எடுத்தாள். அவன் காகிதத்தைப் பட்டை மேல் ஒட்டி, அதன் ஓரத்துக்கு இழைத்தான். ஒரு இழை எடுப்பான், வைத்துப் பார்ப்பான். மறுபடி ஒரு இழை எடுப்பான்.

“போதுங்க. துணின்னா இந்நேரம் கட்டிட்டுப் போயிருப்பாங்க.”

“இன்னும் அரை நூல் இருக்கு.”

“அந்தப் பேர விடவே மாட்டீங்களா?”

நாலாவது நாள் பட்டைகளைப் பதித்தார்கள். வெளிர் மரத்தைச் சுற்றிக் கறுப்புக் கரை ஓடியது. மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு ரசீதை எடுத்துச் சுவருக்கும் பட்டைக்கும் நடுவில் நுழைத்துப் பார்த்தார். போகவில்லை. மேலே பார்த்தார், போகவில்லை. குனிந்து கீழே பார்த்தார், அங்கேயும் போகவில்லை. நிமிர்ந்து ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அரைநூலுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் கொட்டகைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்துதான் இருந்தது. மச்சான் நின்றார். சாவி வைத்திருந்தவர் தட்டியது அதுதான் முதல் தடவை. பெட்டிப் பலகை மேல் உட்கார்ந்து கடன் சீட்டை முழங்காலில் விரித்தார்.

“எழுபத்தோரு இன்ச்சுக்கு இருபத்தோராயிரத்து முந்நூறு பேசினோம். ஒரு இன்ச்சுக்கு என்ன வருதுன்னு ராத்திரி போட்டுப் பாத்தேன். சரியா முந்நூறு. சில்லறைகூட இல்ல. அந்த ஒரு இன்ச் நீங்க தரல. அதனால முந்நூறு பிடிக்கிறேன். இருபத்தோராயிரம் கழிஞ்சது. பாக்கி முந்நூறு, பூட்டு எழுபது.”

“அப்ப மெஷின்?” என்றான் அரைநூல்.

“மெஷினா? மெஷின் இங்கதானே இருக்கு. அதைத் தூக்கிட்டுப் போக எனக்கென்ன பைத்தியமா?”

அரைநூல் மேஜையைப் பிடித்துக்கொண்டான். “சரி மச்சான். முந்நூறு நியாயந்தான்.”

வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது. அவன் மனைவி கழுத்தில் டேப்போடு வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணா, நீ போட்டிருக்கிற சட்டை யார் தைச்சது?”

“நீதான். ஏன்?”

“ரெண்டு பக்கமும் உள்ள ஒரு இன்ச் விட்டுத் தைச்சிருந்தேன். உனக்கு வயிறு வரும்னு தெரியும். வந்துச்சு. ஆறு சட்டை, ஆறையும் பிரிச்சு விட்டுக் குடுத்தேன். வெளியாளுக்கு அறுபது. உனக்கு அம்பது.”

“தங்கச்சிக்குக் கூலியா?”

“அண்ணனுக்குக் கடனா?”

மச்சான் வயிற்றைக் குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. ஆறு ஐம்பது முந்நூறு. பேனாவைத் திறந்து அந்த வரியை அடித்தார். அப்புறம் சட்டையின் ஓரத்தை மெல்ல இழுத்துப் பார்த்தார்.

“உள்ள இன்னும் எவ்வளவு இருக்கு?”

“கால் இன்ச். அதுக்கு மேல நீதான் குறையணும்.”

“எழுபதை இப்பவே தந்துடறேன் மச்சான்” என்று அரைநூல் மாடத்தில் இருந்த டப்பாவை எடுக்கப் போனான்.

“இருங்க மாப்ள.” மச்சான் தன் சாவிக்கொத்திலிருந்து கொட்டகைச் சாவியைக் கழற்ற ஆரம்பித்தார். வளையம் இறுகியிருந்தது. நகம் ஒடிகிற மாதிரி நெம்பிக் கடைசியில் எடுத்து மேஜை மேல் வைத்தார். “பூட்டை விட்டுட்டேன். அந்தக் காசுக்கு முதல் இன்ச் இருக்கிற டேப் ஒண்ணு வாங்குங்க.”

“ஐயோ வேணாம்ணா” என்றாள் தங்கச்சி. “முழு டேப் வந்தாலும் பழக்கத்துல நான் ஒண்ணு கழிச்சிடுவேன். இந்தப் பழசே போதும். இனிமே அவர் கழிச்சிட்டா நம்பரைச் சுத்தி ஒரு வட்டம் போடணும்னு சொல்லியிருக்கேன்.”

மச்சான் சீட்டில் கடைசி வரியையும் அடித்து, கீழே தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு அரைநூலிடம் கொடுத்தார். அவனுக்கு அதில் எண்கள் மட்டும்தான் புரிந்தன. எல்லா எண்ணின் குறுக்கிலும் கோடு இருந்தது. அது போதும்.

அவன் மனைவி மதில் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

“ஏங்க, துண்டு விழுந்தாச்சு!”

மச்சான் சட்டென்று சீட்டை அவன் கையிலிருந்து வாங்கிக் கூட்டலை மறுபடி ஒரு தடவை சரிபார்த்தார். அரைநூல் மெஷினைப் போட்டான்.